சூடான 911 எஸ்சி கிளம்பிக் கிளம்பி அணைகிறதா? முதலில் எதற்குப் பணம் போடுவது

காலையில் முதல் திருப்பலிலேயே உறுமிக்கொண்டு கிளம்புகிற வண்டிதான். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, சாப்பிட நிறுத்தி, அரை மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஒருவழியாகப் பிடிக்கிறது, இரண்டு மூன்று விநாடி திக்கித் திணறி அணைந்துவிடுகிறது. மறுபடியும் அதே கூத்து. அதே வண்டியை மூன்று மணி நேரம் ஆறவிட்டு வந்தால் எதுவுமே நடக்காதது மாதிரி கிளம்பும்.

1978 முதல் 1983 வரை வந்த போர்ஷே 911 எஸ்சி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காரணம் அவர்களுக்கே ஓரளவு தெரிந்திருக்கிறது. எதை மாற்றுவது என்பதில்தான் குழப்பம். ஒரு மெக்கானிக் அக்குமுலேட்டர் என்கிறார், இன்னொருவர் செக் வால்வ் என்கிறார், மூன்றாமவர் "இந்தப் பழைய இன்ஜெக்‌ஷனையே தூக்கிப் போட்டுவிட்டு கம்ப்யூட்டர் வைத்துவிடலாம்" என்று ஆயிரக்கணக்கான டாலருக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார். மூவர் சொல்வதும் ஏதோ ஒரு வண்டிக்குச் சரிதான். உங்கள் வண்டிக்குச் சரியா என்பது வேறு விஷயம்.

டெலோரியன், ஃபெராரி 308 ஜிடிபிஐ, முதல் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும், ஏனென்றால் எல்லாவற்றிலும் பெட்ரோலைப் பீய்ச்சித் தருவது போஷ் நிறுவனத்தின் அதே கே-ஜெட்ரானிக் அமைப்புதான். 1984-ல் வந்த 3.2 கரேரா வேறு ரகம். அதில் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் மோட்ரானிக் இருக்கிறது, அங்கே முதல் சந்தேகம் அந்தக் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் தரும் டிஎம்இ ரிலே மீது விழ வேண்டும். அதை இங்கே தொடவில்லை.

## சூட்டில் உள்ளே என்ன நடக்கிறது

1973-லிருந்தே 911-களில் கே-ஜெட்ரானிக் உண்டு. இன்ஜெக்டர்கள் எலக்ட்ரானிக்காகத் திறந்து மூடுவதில்லை. எஞ்சின் ஓடும்வரை பெட்ரோலைத் தொடர்ந்து பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எவ்வளவு பீய்ச்சுவது என்பதை உறிஞ்சப்படும் காற்று தூக்கும் ஒரு தட்டும், அது தள்ளும் பிளஞ்சரும் முடிவு செய்கின்றன. ஓடும்போது குழாய்களில் ஏறக்குறைய 4.5 முதல் 5.2 பார் அழுத்தம். அந்த அழுத்தத்தில் பெட்ரோல் கொதிக்காது.

வண்டியை அணைத்ததும் காற்றால் குளிரும் எஞ்சினின் விசிறியும் நின்றுவிடுகிறது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் ஆறாமல் இருக்கிற மாதிரி, சிலிண்டர் தலைகளிலும் எக்ஸாஸ்டிலும் இருக்கிற சூடு மேலே ஏறி மூடிக் கிடக்கும் எஞ்சின் அறையை நிரப்பும். அழுத்தம் இல்லாத பெட்ரோலில் இருக்கும் லேசான பகுதிகள் 35, 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாக ஆரம்பித்துவிடும். அதனால்தான் அணைத்த பிறகும் குழாய்க்குள் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும்படி இதை வடிவமைத்திருக்கிறார்கள். பொதுவாகச் சொல்லும் கணக்கு: 10 நிமிடம் கழித்து குறைந்தது 1.3 பார், 20 நிமிடம் கழித்து 1.1 பார். உங்கள் ஆண்டுக்குரிய பட்டறைக் கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மிச்ச அழுத்தம் எங்காவது கசிந்து போய்விட்டால் குழாயில் ஆவிக் குமிழ்கள் நிரம்புகின்றன. செல்ஃப் அடிக்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்ச பெட்ரோலில் எஞ்சின் பிடிக்கிறது, பின்னாலேயே ஆவி வந்து சேர்கிறது, அணைகிறது. இந்த வண்டியில் சாவியைத் திருப்பியதும் பம்ப் ஓடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செல்ஃப் சுற்றும்போதும் எஞ்சின் ஓடும்போதும்தான் பம்ப் ஓடும். பிற்கால வண்டிகள் சாவி போட்டதும் இரண்டு விநாடி பம்ப் ஓட்டிக் குமிழ்களைத் தள்ளிவிடும் வசதி இதில் இல்லை, அந்த வேலையையும் உங்கள் செல்ஃபும் பேட்டரியும்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. குளிர்காலத்துக்கென்று விற்கும் பெட்ரோல் எளிதில் ஆவியாகும்படி கலக்கப்பட்டது. அது டேங்கில் இருக்கும்போதே பிப்ரவரி, மார்ச்சில் திடீரென்று ஒரு சூடான நாள் வந்தால், ஜூலையில் ஒழுங்காக இருக்கும் வண்டிகூட மக்கர் பண்ணும். 10 சதவீத எத்தனால் கலப்பும் ஆவியாகும் தன்மையைக் கொஞ்சம் கூட்டுகிறது. ஜெர்மனியில் 2011-லிருந்து இ10 விற்கிறார்கள். 1980-ல் இல்லாத பிரச்சினை இப்போது ஏன் என்று கேட்பவர்களுக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. மீதிப் பாதி, நாற்பது வருடப் பழைய ரப்பர்.

## பெட்ரோல் பக்கம் போவதற்கு முன்

மூன்று விஷயங்களுக்குக் காசே ஆகாது. சூட்டில் அணைந்தவுடன் தீப்பொறி வருகிறதா பாருங்கள். சாவியைப் போட்டுவிட்டு எஞ்சின் அறைப் பக்கம் காதை வைத்தால், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் சிடிஐ பெட்டியிலிருந்து மெல்லிய கீச்சென்ற ஒலி வர வேண்டும். சூட்டில் மட்டும் அது வராவிட்டால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இக்னிஷனைப் பாருங்கள். இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் பச்சை வயரின் உறை சூட்டில் காய்ந்து நொறுங்குவதும் எஸ்சி-க்களில் பழைய கதைதான்.

அடுத்து, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். எஞ்சின் தடுமாற வேண்டும், அணையப் பார்க்க வேண்டும். திறந்தும் எதுவுமே மாறவில்லை என்றால் வேறெங்கோ ஏற்கெனவே காற்று புகுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்ஜெக்டர்களைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள், மூடியின் கேஸ்கெட் என்று தேடுங்கள். எந்தப் புது வால்வும் காற்றுக் கசிவை அடைக்காது.

மூன்றாவது நேரக்கணக்கு. நிறுத்தி ஒரே நிமிடத்தில் திரும்பக் கிளப்பினாலும் இதே திணறலா? அப்படியென்றால் ஆவி மேல் பழி போட முடியாது, அதற்குள் குழாய் சூடாகியிருக்காது. பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரையிலான இடைவெளியில் மட்டும் வந்தால், அது நாம் பேசுகிற நோய்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

விலை ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் தப்பு. நான் பார்ப்பவை: அது நோயைத் தீர்க்கிறதா, இல்லை மூடி மறைக்கிறதா. சாமானோடு சேர்ந்து வேறு எதையெல்லாம் மாற்ற வைக்கும். ஊகம் தப்பாகப் போனால் போட்ட பணம் அப்படியே போய்விடுமா, இல்லை எப்படியும் ஒருநாள் மாற்ற வேண்டிய சாமான்தானா. பின்னால் பழையபடி மாற்ற முடியுமா, அதாவது வண்டியின் மதிப்புக்கும் சட்டத்துக்கும் அது ஒத்துவருமா. கடைசியாக, தவறு நடந்தால் ஏர்பாக்ஸ் தப்புமா.

அது என்ன ஏர்பாக்ஸ் என்றால், இந்த எஞ்சின் பின்வெடி வெடித்தால் மேலே உள்ள பிளாஸ்டிக் காற்றுப்பெட்டி பிளந்துவிடும். அதை மாற்ற எஞ்சினைப் பாதியாவது இறக்க வேண்டியிருக்கும். அந்தப் பெட்டியில், வெடியின் அழுத்தத்தை வெளியே விட்டுவிடும் பாப்-ஆஃப் வால்வ் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அது இல்லாமல் சூட்டில் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிப்பது சூதாட்டம்.

## முதல் தேர்வு: அளந்து பார்ப்பது

இதையும் ஒரு தேர்வாகவே எண்ணுகிறேன், ஏனென்றால் பலரும் இதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராக சாமான் வாங்கப் போகிறார்கள். கே-ஜெட்ரானிக்குக்கான அழுத்த கேஜ் ஒரு புது அக்குமுலேட்டரின் விலையைவிடப் பொதுவாகக் குறைவுதான். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்தனுப்பும் எரிபொருள் டிஸ்ட்ரிபியூட்டரின் தலைக்கும், எஞ்சின் சூட்டுக்கு ஏற்பக் கலவையை மாற்றும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் நடுவே அதை இணைக்க வேண்டும். கூடவே ஓர் அடைப்பு வால்வ் வரும், அது ரெகுலேட்டர் பக்கமாக இருக்கட்டும்.

எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். ஓடும்போது வால்வை மூடினால் மொத்த அழுத்தம் தெரியும், திறந்தால் கட்டுப்பாட்டு அழுத்தம், அதாவது வார்ம்-அப் ரெகுலேட்டர் வைக்கும் அழுத்தம், தெரியும். சூடான எஸ்சி-யில் இந்த இரண்டாவது எண் சுமார் 3.4 முதல் 3.8 பார் வரை இருக்கும். வால்வைத் திறந்தபடியே அணைத்துவிட்டு முள்ளைப் பாருங்கள். அணைத்த மாத்திரத்தில் சற்று இறங்கி ஓரிடத்தில் நிற்பது இயல்பு. நிற்காமல் சரசரவென்று பூஜ்ஜியத்துக்கு விழுந்தால் பெரும்பாலும் செக் வால்வ் அல்லது கிழிந்த அக்குமுலேட்டர். பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கினால் வயதான ரப்பர் வளையங்களோ ஒழுகும் இன்ஜெக்டர்களோ காரணமாக இருக்கலாம்.

அடுத்த சுற்றில் அணைத்ததும் அடைப்பு வால்வை மூடிவிடுங்கள். இப்போது முள் நின்றால் ஓட்டை ரெகுலேட்டர் பாதையில் இருக்கிறது. நிற்கவில்லையென்றால் டேங்குக்குத் திரும்பும் குழாயின் ரப்பர் பகுதியை மெல்லக் கவ்விப் பாருங்கள். அதில் நின்றால் குற்றவாளி டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் அழுத்த ரெகுலேட்டர். அப்படியும் இறங்கினால் செக் வால்வ், அக்குமுலேட்டர், இன்ஜெக்டர்கள் ஆகிய மூன்றும்தான் மிச்சம். காய்ந்துபோன ரப்பரைக் கவ்வினால் விரிசல் விடும், கடினமான குழாய்களைக் கவ்வவே கூடாது.

மறைந்திருக்கும் செலவு இதிலும் உண்டு. நாற்பது வருடமாக யாரும் தொடாத யூனியன்களை, அதாவது குழாய் இணைப்புகளை, அவிழ்க்கிறீர்கள். எப்போதும் இரண்டு ஸ்பானர், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. செப்பு வாஷர்களைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். சூடான எஞ்சின் பக்கத்தில் அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் என்பதால் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், அவிழ்ப்பதற்கு முன் பேட்டரியைத் துண்டித்துவிடுங்கள்.

## செக் வால்வ்

பம்பின் வெளிவாயிலில் உட்கார்ந்திருக்கும் சின்னஞ்சிறு உருப்படி. பம்ப் நின்றதும் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி ஓடாமல் தடுக்கும். எஸ்சி-யில் பம்ப் முன்பக்கம், அடியில் இருக்கிறது. பல பம்ப்களில் இந்த வால்வை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றலாம், சாமான் விலை சில பத்து டாலர்கள்தான்.

கேஜ் இல்லாமல் ஊகத்தில்தான் போவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் இடம் இதுதான். ஊகம் தப்பினாலும் நஷ்டம் சின்னது, வால்வும் எப்படியும் வயதானது.

செலவு ஒளிந்திருப்பது வேறு இடத்தில். டேங்க் 80 லிட்டர். அது நிறைய இருக்கும்போது முன்னால் படுத்துக்கொண்டு பம்பை அவிழ்க்காதீர்கள். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் குழாயைக் கவ்வித்தான் வேலை செய்ய வேண்டும், அந்தக் குழாயைத் தொட்டதுமே அதன் வயது தெரிந்துவிடும். ஆக வால்வுக்குக் கொடுக்கும் பணத்தோடு குழாய், கிளாம்புகள், வாஷர்கள் எல்லாம் சேரும். வால்வை அவிழ்க்கும்போது பம்பின் வெளிவாயைத் தனி ஸ்பானரால் பிடிக்காவிட்டால் அதுவும் சேர்ந்து திருகிக்கொள்ளும், அப்புறம் புது பம்ப் வாங்க வேண்டியதுதான். பம்ப் ஏற்கெனவே ஊளையிட்டுக்கொண்டிருந்தால் வால்வோடு நிறுத்தாமல் பம்பையே மாற்றிவிடுவது மலிவு. கூலி ஒரே கூலிதான்.

## அக்குமுலேட்டர்

பலரும் முதலில் வாங்குவது இதைத்தான். எஞ்சின் அறையின் இடப்பக்கம் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் டப்பா. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் சவ்வு. ஓடும்போது கொஞ்சம் பெட்ரோலை அழுத்தத்தில் சேமித்து வைத்துக்கொண்டு, அணைத்த பிறகு அதைக் கொண்டு குழாயின் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும்.

சவ்வு கிழிந்திருக்கிறதா என்று அறிய கேஜ்கூட வேண்டாம். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டி அணைத்துவிட்டு, டப்பாவின் பின்முனையிலிருந்து போகும் திரும்புகுழாயைக் கழற்றிப் பாருங்கள். அந்தப் பக்கம் உலர்ந்திருக்க வேண்டும். பெட்ரோல் சொட்டினால் சவ்வு போய்விட்டது. யோசிக்க வேண்டாம், மாற்றுங்கள்.

சொட்டவில்லை, ஆனால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் என்று சந்தேகம். இங்கேதான் பணம் வீணாவது. செக் வால்வ் ஒழுகும் வண்டியில் புது அக்குமுலேட்டர் வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? கசிவு பெரியதென்றால் ஒரு மாற்றமும் இருக்காது. கசிவு சிறியதென்றால் புதுச் சவ்வு தேக்கி வைத்திருக்கும் கூடுதல் பெட்ரோல் அந்தக் கசிவைக் கொஞ்ச காலம் ஈடுகட்டும், வண்டியும் சரியாகிவிட்டது போலத் தெரியும், அடுத்த கோடையில் அதே திணறல் திரும்பி வந்துவிடும். "அக்குமுலேட்டர் மாற்றினேன், சரியாகி, அப்புறம் கெட்டுப்போச்சு" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

சாமான் நூற்றுக்கணக்கான டாலர். அந்த இடுக்கில் யூனியன்கள் இறுகிப்போயிருக்கும், ஃபில்டரை அவிழ்க்காமல் கைபோகாது. அதனால் ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிடுவார்கள், மாற்றவும் வேண்டும்.

## டிஸ்ட்ரிபியூட்டரும் வார்ம்-அப் ரெகுலேட்டரும்

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் அழுத்த ரெகுலேட்டரில் சின்ன ரப்பர் வளையங்கள் உண்டு. அணைத்ததும் திரும்புகுழாயை அடைக்க வேண்டிய வேலை அவற்றுடையது. காய்ந்துபோனால் அடைக்காது. வளையங்கள் சில்லறைக் காசு. ஆனால் அந்தப் பிளக்கைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் ஷிம்கள் என்ற மெல்லிய வளையத் தகடுகள் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் திரும்பப் போக வேண்டும். மொத்த அழுத்தத்தைத் தீர்மானிப்பவை அவைதான். ஒன்று தரையில் உருண்டு போனாலும் கேஜ் இல்லாமல் மீள முடியாது.

வார்ம்-அப் ரெகுலேட்டர் வேறு மாதிரி. மிச்ச அழுத்தம் நன்றாக நின்றும் வண்டி சூட்டில் கிளம்பி அணைகிறதா, சூடான கட்டுப்பாட்டு அழுத்தம் கையேட்டு எண்ணுக்கு வெளியே இருக்கிறதா, அப்போதுதான் இதன் முறை. அழுத்தம் அதிகமென்றால் கலவை மெலிந்துபோகும், குறைவென்றால் பெட்ரோல் மிஞ்சிப்போகும். பழுதுபார்க்கப்பட்ட ரெகுலேட்டருக்கும் நூற்றுக்கணக்கான டாலர் ஆகும். அந்தப் பாகத்தின் எண் உங்கள் ஆண்டுக்கும் நாட்டுக்கும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் வாங்கினால் புதிய தலைவலி. முந்தைய உரிமையாளர் யாராவது நீளமான 3 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் கலவையைத் திருகி வைத்திருந்தால் ரெகுலேட்டர்மீது தேவையில்லாமல் பழி விழும். கேஜ் பார்த்து அழுத்தங்களைச் சரிசெய்யும்வரை அந்தத் திருகை யாரும் தொட வேண்டாம்.

## இன்ஜெக்டர்களும் கோல்ட் ஸ்டார்ட் வால்வும்

இதன் அடையாளம் தனி. ஆவியால் வரும் திணறலில் எஞ்சின் பெட்ரோலுக்கு ஏங்கும். ஒழுகும் இன்ஜெக்டரில் பெட்ரோல் மூழ்கடித்துவிடும். மூக்கில் பெட்ரோல் வாடை ஏறும், பிடித்ததும் கரும்புகை வரும், ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு செல்ஃப் அடித்தால் பிடித்துக்கொள்ளும்.

ஆறு இன்ஜெக்டர்களையும் வெளியே இழுத்து ஆளுக்கொரு கண்ணாடிக் குப்பியில் வைத்து, குழாயில் அழுத்தம் ஏற்றிவிட்டுப் பாருங்கள். காற்றுத் தட்டு கீழே இருக்கும்போது ஒரு முனைகூடச் சொட்டக் கூடாது. அப்புறம் தட்டை மெல்லத் தூக்கினால் ஆறிலும் கூம்பு மாதிரி புகைபோல விரிய வேண்டும். ஒன்றில் மட்டும் கோடாக வடிந்தால் சூட்டில் மட்டுமல்ல, ஐடிலிலும் அது உங்களுக்குத் தொந்தரவு கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் கோல்ட் ஸ்டார்ட் வால்வும் சொட்டக் கூடாது.

ஆறையும் மாற்றினால் பில் கனக்கும், ஆனால் இந்தப் பணம் வீணாகாது. ரப்பர் வளையங்களும் கூடவே புதிதாகிவிடும், காற்றுக் கசிவும் அடைபடும். சுத்தம் செய்து சோதித்துத் தரும் பட்டறைகளும் உண்டு, அது பாதிக்கும் குறைவு.

## ஹாட் ஸ்டார்ட் பொத்தான்

கோல்ட் ஸ்டார்ட் வால்வுக்கு ஒரு வயர் இழுத்து, டேஷ்போர்டுக்கடியில் ஒரு பொத்தான் வைத்து, சூட்டில் கிளப்பும்போது ஒரு விநாடி அழுத்துவது. இது ஏதோ கொல்லைப்புறத் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். சூட்டில் கிளப்பும்போது அந்த வால்வைத் துடிப்புத் துடிப்பாகத் திறக்கும் ரிலேயை ஃபோக்ஸ்வாகனே தன் கே-ஜெட்ரானிக் வண்டிகள் சிலவற்றில் வைத்தது.

வேலை செய்யுமா? செய்யும், அதுதான் பிரச்சினை. கசிவு அப்படியே இருக்க, நீங்கள் அதற்கு மேல் பெட்ரோல் ஊற்றிக் கிளப்புகிறீர்கள். கசிவு வளர வளர பொத்தானை அழுத்தும் நேரமும் வளரும். மிஞ்சினால் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும், இன்னும் மிஞ்சினால் பின்வெடி, பிளந்த ஏர்பாக்ஸ். ஒழுகும் இன்ஜெக்டர்தான் நோயென்றால் இந்தப் பொத்தான் எரிகிற தீயில் எண்ணெய்.

நீண்ட பயணத்தின் நடுவில் சாமான் கிடைக்காமல் மாட்டிக்கொண்டவர்களுக்கு, அல்லது எல்லா அழுத்தமும் சரியாக இருந்தும் கோடையின் உச்சத்தில் மட்டும் தொந்தரவு வருபவர்களுக்கு, பாப்-ஆஃப் வால்வ் இருக்கும் பட்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

## கே-ஜெட்ரானிக்கையே கழற்றுவது

எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனுக்கு மாறினால் இந்த நோய் ஏறக்குறைய போய்விடும், மறுக்கவில்லை. சாவி போட்டதும் பம்ப் ஓடும், இன்ஜெக்டர்கள் தேவைப்படும்போது மட்டும் திறக்கும். கூடவே இரட்டைக் கார்புரேட்டர் வைக்கச் சொல்பவர்களும் உண்டு. சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோலும் கொதித்துப் பொங்கும். ஒரு ஹாட் ஸ்டார்ட் தொல்லையிலிருந்து தப்பித்து இன்னொன்றை விலை கொடுத்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

செலவு ஆயிரக்கணக்கில். அது வெளியே தெரியும் பகுதிதான். டியூனிங் தனி, வயரிங் தனி, முதல் வருடம் முழுக்க சின்னச் சின்னத் திருத்தங்கள் தனி. கலிபோர்னியாவில் 1976-லும் அதற்குப் பின்னும் வந்த வண்டிகளுக்குப் புகைச் சோதனை உண்டு, எஸ்சி-க்கள் எல்லாமே அந்த வலைக்குள்தான். அனுமதி பெறாத மாற்றத்தோடு போனால் தேறாது. ஜெர்மனியில் முப்பது வயது தாண்டிய வண்டிகளுக்குத் தரும் எச் எண் பலகைக்கும் வண்டி ஏறக்குறைய அசல் நிலையில் இருக்க வேண்டும். விற்கும்போது வாங்க வருகிறவர் அசல் டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே என்று கேட்பார். கழற்றியதை ஒன்றுவிடாமல் பெட்டியில் போட்டு வைத்திருந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

எஞ்சினை எப்படியும் திறக்கப்போகிறீர்கள், கேம்ஷாஃப்ட் மாற்றப்போகிறீர்கள் என்றால் இது நியாயமான தேர்வு. தீவிரமான கேம்ஷாஃப்ட்டோடு கே-ஜெட்ரானிக்குக்கு ஒத்துவராது. சூட்டில் கிளம்பவில்லை என்ற ஒரே காரணத்துக்காக என்றால், வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது இது சரி | சாமான் செலவு | கூடவே வரும் செலவு | ஊகம் தப்பினால் |
|---|---|---|---|---|
| கேஜ் வைத்து அளப்பது | எப்போதும், முதலில் | குறைவு | வாஷர்கள், ஒரு மதிய நேரம் | நஷ்டமே இல்லை |
| செக் வால்வ் | அணைத்ததும் அழுத்தம் விழுந்தால் | மிகக் குறைவு | டேங்க் குழாய், சிலசமயம் பம்ப் | சிறிய நஷ்டம் |
| அக்குமுலேட்டர் | பின்குழாயில் பெட்ரோல் சொட்டினால் | நடுத்தரம் | ஃபில்டர், இறுகிய யூனியன்கள் | நோய் மறைந்து திரும்பி வரும் |
| டிஸ்ட்ரிபியூட்டர் வளையங்கள் | திரும்புகுழாயைக் கவ்வினால் முள் நின்றால் | மிகக் குறைவு | ஷிம் தவறினால் அழுத்தம் கெடும் | வேலை மட்டும் வீண் |
| வார்ம்-அப் ரெகுலேட்டர் | மிச்ச அழுத்தம் சரி, சூடான கட்டுப்பாட்டு அழுத்தம் தவறு | நடுத்தரம் | சரியான பாக எண் தேடல், கலவை சரிசெய்தல் | பெரிய நஷ்டம் |
| இன்ஜெக்டர்கள் | பெட்ரோல் வாடை, கரும்புகை | நடுத்தரத்துக்கு மேல் | ரப்பர் வளையங்கள் | பாதி பணம் பயன்படும் |
| பொத்தான் | அவசரத்துக்கு | மிகக் குறைவு | ஏர்பாக்ஸ் ஆபத்து | நோய் வளரும் |
| எலக்ட்ரானிக் மாற்றம் | எஞ்சின் எப்படியும் திறக்கப்படும்போது | மிக அதிகம் | டியூனிங், சட்டம், மறுவிற்பனை மதிப்பு | திரும்புவது கடினம் |

## யாருக்கு எது

கையில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்து, வண்டியை இன்னும் பல வருடம் வைத்திருக்கப்போகிறவர் என்றால் கேஜ் வாங்குங்கள். இந்த ஒரு நோய்க்கு மட்டுமல்ல, கே-ஜெட்ரானிக்கின் பாதித் தகராறுகளுக்கு அதுவே பதில் சொல்லும்.

பட்டறையில் விடுகிறவர் என்றால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அணைத்து 20 நிமிடம் கழித்து எத்தனை பார் இருக்கிறது?" எண் சொல்லாமல் நேராக சாமான் பட்டியலுக்குப் போகிறவரிடம் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அளக்கும் கூலி கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்த மாதம் விற்கப்போகிறீர்களா? செக் வால்வை மாற்றுங்கள், அக்குமுலேட்டரின் பின்குழாயைச் சோதித்துப் பாருங்கள், இரண்டிலும் தீரவில்லையென்றால் அளந்த எண்களை வாங்குகிறவரிடம் அப்படியே கொடுத்து விலையில் குறைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை ஒளித்து வைத்து விற்காதீர்கள்.

அதுவரைக்கும் சூட்டில் நிறுத்த நேர்ந்தால் எஞ்சின் மூடியைத் திறந்து வையுங்கள், சூடு மேலே போய்விடும். கிளப்பும்போது ஆக்சிலரேட்டரைப் பம்ப் அடிக்காதீர்கள், இந்த அமைப்பில் அதனால் ஒரு சொட்டுப் பெட்ரோலும் கூடுதலாக வராது. பிடித்ததும் அணையப் பார்த்தால் ஆயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மெல்ல ஏற்றி அரை நிமிடம் பிடியுங்கள், அதற்குள் குமிழ்கள் திரும்புகுழாய் வழியாக டேங்குக்குப் போய்ச் சேரும். எதை மாற்றினாலும் மாற்றிய அன்றே கேஜை மறுபடி மாட்டி 10 நிமிடத்திலும் 20 நிமிடத்திலும் என்ன எண் என்று எழுதி வையுங்கள். அடுத்த கோடையில் தொந்தரவு திரும்பினால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் வேண்டியிருக்கும்.